பதிமூன்று கண்

சாரல் மாதத்தில் செங்கோட்டையில்
எதுவும் காய்வதில்லை.
தீப்பெட்டி, பாவாடை நாடா,
மீராளின் வெள்ளிக் களிமண்.
இளஞ்சூட்டுத் தோசைக்கல்லின் மேல் துண்டு விரித்து
இரண்டு நாளாய்க் கிடத்தியிருக்கிறாள் பாலத்தை.
ஆரியங்காவுக் காற்று
ஜன்னல் கொக்கியைத் தட்டித் தட்டிக் கேட்கிறது
ஆச்சா, ஆச்சா.

வெள்ளித்தூள், தண்ணீர், ஏதோ ஒரு பசை.
பொட்டலத்தைப் பிரித்தால் சாம்பல் நிறச் சப்பாத்தி மாவு,
விலையைக் கேட்டால் மட்டும் வெள்ளி.
உதிரும் தூளைக்கூடத் தூரிகையால் கூட்டி
காலி அத்தர் குப்பியில் சேர்க்கிறாள்.

என்னுடையது பாலிமர்.
கண்ணாடி பாட்டிலால் உருட்டித்
தகடாக்கி, அடுக்கி, மறுபடி உருட்டுவேன்.
கண்காட்சியில் விரலால் சுண்டிக் கேட்பார்கள்
'இது பிளாஸ்டிக்தானே?'
ஆமாம் என்பேன்.
மீராளுக்குத்தான் கோபம் வரும்.

இரண்டும் ஒரே தீயில் இறங்க முடியாது.
வெள்ளிக்கு எண்ணூறு டிகிரி.
எனக்கு நூற்று முப்பது போதும்,
மிஞ்சினால் கருகி நாறித்
தெருவே வந்து கதவைத் தட்டும்.
ஆகவே முதலில் அவள், பிறகு நான்.
விசிட்டிங் கார்டிலும் அப்படித்தான்;
அதற்கு வேறு காரணம் சொல்கிறாள்.

ரயில்வே கேட்டில் வேலை பார்க்கும் அஜிதகுமாரி
கேட்டது ஒன்றுதான்:
கழுதுருட்டிப் பாலம், கழுத்தில் தொங்க.
'பின்னாடி மலையும் வேணும், கேட்டோ.'

மலையை நான் முன்னமே செய்து சுட்டுவிட்டேன்,
ஈரப் பாலத்தின் அளவுக்கு.
ஐந்து பச்சை, ஒரு ஊதா,
அடிவாரத்தில் ரப்பர்ப் பால் வடிகிற மாதிரி
மெலிதாக ஒரு வெள்ளைக் கோடு.
வெள்ளி சுருங்கும் என்று தெரியும்.
நான்கு வருடமாய்த் தெரியும்.
அன்றைக்குக் கை நிற்கவில்லை.

சூளை எரிந்த இரண்டு மணி நேரமும்
கரண்ட் போகவில்லை, அதுவே அதிசயம்.
எடுத்தபோது பாலம் சுண்ணாம்பு வெள்ளை.
பித்தளைக் கம்பித் தூரிகையால் மீராள் தேய்க்கத் தேய்க்கப்
பளபளப்பு எழுந்து வந்தது,
தூக்கத்தில் எழுப்பிய பிள்ளையின் முறைப்போடு.
பசை எரிந்த இடத்தையெல்லாம் துகள்கள் நெருங்கி அடைத்து
பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.
கண்கள் பதிமூன்றும் இருந்தன, நெருக்கியடித்து.

மலை பெரிது.
அண்ணன் சட்டைக்குள் தம்பி மாதிரி
நடுவில் பாலம்.

'ஈரத்துலயா அளவெடுத்தே?'
'காயவைக்க நீ ரெண்டு நாள் எடுத்தே.'
அதோடு பேச்சு நின்றது.
டிபன் டப்பாவில் எனக்கென்று பிட்டு வைக்கும்
பாதி முட்டையையும்
அன்று அவளே தின்றாள்.

மூன்று மணிக்கு மலையை மறுபடி சூடாக்கி
பிளேடால் இரண்டு பக்கமும் சீவினேன்.
வெட்டுவாயில் நான் நினைத்தே பார்க்காத ஒன்று:
பச்சைக்குக் கீழ் பச்சை, இடையில் ஊதா நரம்பு,
மழை அரித்துத் திறந்துவிட்ட சரிவு.
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள் மீராள்.
'அத முன்னாடி திருப்பு.'
திருப்பினேன்.
வெள்ளிக் கொக்கிகளை ஒவ்வொன்றாய் மடக்கி
மலையைப் பாலத்தோடு பிடித்து வைத்தாள்.

வேலை முடிந்து நேரே வந்தாள் அஜிதகுமாரி,
அக்குளில் சுருட்டிய பச்சைக்கொடி.
அழகு என்றெல்லாம் சொல்லவில்லை.
கட்டைவிரல் நகத்தால்
ஒவ்வொரு கண்ணாகத் தொட்டு எண்ணினாள்.
'பதிமூணு. செரி.'
பிறகு டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துக் கேட்டாள்:
'இது கொல்லம் வண்டி போறதுக்கு முன்னயா, பின்னயா?'

நாங்கள் யோசித்ததே இல்லை.
'பின்ன' என்றாள் மீராள்.
'முன்ன' என்றேன் நான்.
இரண்டும் ஒரே மூச்சில்.

எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
ரூபாயை எண்ணத் தொடங்கினாள்.